வாவிக்கரையும் பெயர் இடாப்பும்

மட்டக்களப்பு வாவியைப் பற்றிப் பேசப் புகுவோர் பாடும் மீனில் தொடங்குவது நெடுநாள் வழக்கம். நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பை நீருள் ஊன்றி, அதன் மறுமுனையைக் காதோடு பொருத்திக் கேட்டவர்கள் பலர். கேட்டதை எழுதியவர்களும் பலர். அந்த இன்பமான விடயத்தை அவர்களுக்கே விட்டுவிடுகின்றேன். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வறண்டதாகத் தோன்றலாம். பெயர் இடாப்பு என்பது அதன் பெயர். யார் யாருடைய பெயரை எழுதி வைப்பது, எழுதியதை யார் பார்ப்பது என்ற கேள்வியே இப்பேச்சின் உட்பொருள்.

கணினியும் கைத்தொலைபேசியும் பரவியுள்ள இக்காலத்தில் இக்கேள்வி உலகெங்கும் பெரும் வாதத்துக்குரியதாகிவிட்டது. நம் முகமும் கைரேகையும் நாம் நடமாடும் இடங்களும் எவருடைய கணக்கிலோ ஏறிக்கொண்டிருக்கின்றன என்று ஒரு சாரார் அஞ்சுகின்றனர். கள்ளமில்லாதவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது என்று மற்றொரு சாரார் வினவுகின்றனர். இவ்வாதம் நேற்றுப் பிறந்தது போலப் பலரும் பேசுகின்றனர். வாவியின் இரு கரைகளிலும் வாழ்ந்த மக்கள் இதனைக் கணினி வருவதற்கு நெடுங்காலம் முன்பே தங்கள் உடம்பால் அறிந்திருந்தார்கள் என்பதே நான் சொல்ல வந்தது.

வடக்கே ஏறாவூருக்கு அப்பாலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது இவ்வாவி. கடற்புறத்துக் கரை எழுவான்கரை. வயலும் காடும் விரிந்த மேற்குக் கரை படுவான்கரை. ஞாயிறு எழும் கரையும் படும் கரையும் என்று பெயர் வைத்த முன்னோரின் சுவையை எண்ணி வியக்காதிருக்க முடியாது. இவ்விரு கரைகளிலும் பழைய காலத்து இடாப்பு எழுத்தில் மட்டும் இருந்ததன்று. மனிதர் நினைவிலும் கோயில் மரியாதையிலும் இருந்தது. அதற்குக் குடி முறை என்று பெயர்.

ஒருவர் எந்தக் குடியைச் சேர்ந்தவர் என்பது இங்கே தாய்வழியால் அமைவது. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாட்சி குடி, பணிக்கனா குடி என்று குடிகள் பல. ஒரே குடியினர் தம்முள் மணம் செய்வதில்லை. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் கோயில் முதலான பெருங்கோயில்களில் குடிக்குரிய வண்ணக்கர் இருந்து நிருவாகம் பார்ப்பர். திருவிழாவில் இன்ன நாள் இன்ன குடிக்கு உரியது என்ற வரையறை உண்டு. வாவிக்கரை முஸ்லிம் மக்களிடையேயும் தாய்வழிக் குடி உண்டு. பள்ளிவாசலில் மரைக்காயர் அக்குடிக்காக நிற்பார். வித்துவான் எஃப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962 இல் பதிப்பித்து வெளியிட்ட மட்டக்களப்பு மான்மியத்தைப் புரட்டினால், குடிகளின் வரிசையும் அவரவர்க்கு விதித்த ஊழியமும் எவ்வளவு நுணுக்கமாக ஏட்டில் பதியப்பட்டிருந்தன என்பது புலப்படும்.

இந்த இடாப்பில் இரகசியம் என்பதே கிடையாது. ஊரார் அனைவருக்கும் அனைவருடைய குடியும் தெரியும். வண்ணக்கர் யாரென்பதும் தெரியும். தமக்குரிய மரியாதை பிழைத்துவிட்டதென்று ஒருவர் கருதினால், கோயில் வீதியிலேயே நின்று வழக்காடலாம். வழக்காடினார்கள் என்பதற்கு நீதிமன்றப் பதிவுகளே சாட்சி. ஆனால் இதனைப் பொற்காலம் என்று புகழ நான் ஆயத்தமாக இல்லை. ஊழியம் செய்யும் சாதியாரை ஊழியத்தோடு கட்டிப்போட்டதும் அதே ஏடுதான். தன் பெயர் எழுதப்பட்ட இடத்திலிருந்து நகர முடியாதவனுக்கு, அவ்வேடு எல்லாரும் காணத் திறந்திருந்தது என்பதால் வந்த ஆறுதல் சிறிதே.

போர்த்துக்கேயரும் அவர்களுக்குப் பின் ஒல்லாந்தரும் கொணர்ந்த இடாப்பு வேறு வகையானது. தோம்பு என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து நாம் பெற்றது. தாம் ஆண்ட கரையோரப் பகுதிகளில் ஒல்லாந்தர் தலைத் தோம்பு, காணித் தோம்பு என இரண்டு எழுதினர். இன்னாருக்கு இத்தனை பிள்ளைகள், இத்தனை தென்னை, இவ்வளவு இறை என்பது அவற்றின் நடை. இங்கே எழுதப்பட்டவனுக்கும் எழுதியவனுக்கும் இடையே பழைய உறவு அறுந்துவிட்டது. ஏடு அந்நிய மொழியில் கந்தோரில் இருந்தது. அதில் தன்னைப்பற்றி என்ன எழுதியிருக்கிறதென்று குடியானவன் அறியான். கணினி வாதத்தில் இன்று நாம் கேட்கும் குறை இதுவேயன்றோ!

ஆங்கிலேயர் காலத்தில் கச்சேரியும் வன்னியனாரும் விதானையாரும் இப்பணியைப் பார்த்தனர். இலங்கை முழுவதற்குமான முதற் குடிசன மதிப்பு 1871 இல் நடைபெற்றது. பிறப்பு, இறப்பு, விவாகம் என ஒவ்வொன்றுக்கும் பதிவு வந்தது. அரசாங்க இடாப்பென்றால் வரிக்கும் ஊழியத்துக்கும் என்று ஐயுற்றிருந்த மக்கள், இரண்டாம் உலக யுத்த காலத்தில் தாமே விரும்பிச் சென்று பெயர் எழுதுவித்தனர். ஏனெனில் அப்பெயருக்கு அரிசி கிடைத்தது. கூப்பன் புத்தகத்தைச் சுவாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்த வீடுகளை முதியோர் நினைவுகூர்வர். எழுதப்படாமல் இருப்பதன் கொடுமையை 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருக்குக் காட்டிற்று. தந்தை இந்நாட்டிற் பிறந்தார் என்பதற்குத் தாள் இல்லாத காரணத்தால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். ஆகவே, இடாப்பே வேண்டாம் என்று சொல்லிவிடுதல் எளிதன்று. பெயர் எழுதப்படாதவன் படும் பாடும் நாம் கண்டதே.

இனி ஆளடையாள அட்டைக்கு வருவோம். 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்படி அட்டை வழங்கும் முறை ஏற்பட்டு, 1972 முதல் அட்டைகள் வரலாயின. அவ்வட்டையின் இலக்கத்தை நேயர்கள் ஒருமுறை உற்று நோக்க வேண்டும். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அவ்வாண்டின் எத்தனையாம் நாள் என்பது. பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்படும். 52 என்றும் 532 என்றும் தொடங்கும் இலக்கம் கண்டால், 1952 பெப்ரவரி முதலாம் நாள் பிறந்த பெண்மணி ஒருவர் என்று அறிமுகமில்லாத எவரும் சொல்லிவிடலாம். வங்கியில், தபாற் கந்தோரில், வாடகை வீட்டுக்காரரிடத்தில் அவ்வம்மையார் இவ்விலக்கத்தை எழுதிக் கொடுக்கும்போதெல்லாம் தம் வயதையும் சேர்த்தே கொடுக்கிறார். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்கப் புதிய முறையிலும் இவ்வமைப்பு நீங்கவில்லை. ஆண்டு நான்கு இலக்கமாக விரிந்தது, அவ்வளவே. ஒரு மனிதரை மற்றொருவரிலிருந்து பிரித்தறிய வேண்டிய இலக்கம், அவருடைய கதையையும் சொல்ல வேண்டியதில்லை. இதனை வகுத்தவர்கள் தீய எண்ணத்தோடு வகுத்தனர் என்று நான் கருதவில்லை. கணக்கெழுதுவோருக்கு அது வசதியாயிருந்தது. வசதியின் பொருட்டுச் செய்யப்பட்டவைதாம் பிற்காலத்திற் பெரும்பாலும் வினையாக முடிகின்றன.

எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014 வரை எல்லா அட்டைகளிலும் தமிழ் எழுத்து இருக்கவில்லை. தமிழ் எழுத்துள்ள அட்டையை நீட்டியவர், வாய் திறப்பதற்கு முன்பே தாம் யாரென்பதைச் சொல்லிவிட்டவராவார். யுத்த காலத்துச் சோதனைச் சாவடியில் அதன் பொருள் என்ன என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

வாவி அந்நாளில் ஓர் எல்லைக்கோடு ஆகியிருந்தது. எழுவான்கரை அரச படையினரிடமும், படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை விடுதலைப் புலிகளிடமும் இருந்தன. 2014 இல் பாலம் அமையும்வரை மண்முனைத் துறையில் தோணியேறியே கரை மாற வேண்டும். வவுணதீவு வழியாகச் செல்வோருக்கும் சாவடி உண்டு. அரிசி மூட்டையோடும் நோயாளியோடும் வந்தவர்கள் அட்டையைக் கையிற் பிடித்தபடி வரிசையில் நின்றனர். எங்கள் பக்கத்துப் பெண்கள் அட்டையைப் பொலித்தீன் உறையிலிட்டு, காசு வைக்கும் சிறு பையில் காசுக்கும் மேலாக வைத்துக் காத்தனர். அட்டை தொலைந்தவன் வீட்டை விட்டு வெளியேற மாட்டான். மறுகரையிலோ, வீட்டுக்கொரு பிள்ளை தரவேண்டும் என்று கேட்டு வந்தார்கள். எந்த வீட்டில் எத்தனை பிள்ளை என்பது எவ்வளவு அபாயமான தகவல் என்பதை அக்கரைத் தாய்மார் அன்று அறிந்தனர். இரு கரையிலும் பெயர் எழுதினர். எழுதப்பட்டவருக்கு இரு ஏட்டையும் பார்க்கும் உரிமை இல்லை.

சுற்றிவளைப்பு நாட்களில் தலையாட்டி என்றொருவரை நிறுத்துவர். முகத்தை மூடிய ஒருவர் முன்னால் ஊர் இளைஞர் ஒவ்வொருவராக நடந்து போக வேண்டும். அவர் தலை அசைந்தால் அந்த இளைஞன் கொண்டு செல்லப்படுவான். யார் பார்த்தார், எதனைக் கண்டு தலையசைத்தார், தவறு நேர்ந்ததா என்று கேட்க இடமில்லை. இன்று முகமறியும் பொறி என்று ஒன்று வந்திருக்கிறது. ஒளிப்படக் கருவி முகத்தை அளந்து இன்னார் என்று சொல்லும். அதனைப் பற்றிய அறிஞர் விவாதங்களை வாசிக்கும்போது எனக்குத் தலையாட்டியின் நினைவு வராமற் போவதில்லை. பொறி தவறு செய்யும் வீதம் குறைவாக இருக்கலாம். ஆனால் முகமூடி அங்கும் உண்டு.

ஒரு நோக்கத்துக்காக எழுதிய இடாப்பு மற்றொரு நோக்கத்துக்குப் பயன்படும் என்பதற்கு இந்நாட்டின் மிகக் கொடிய சான்று 1983 ஜூலை. வாக்களிப்பதற்காக எழுதப்பட்ட இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தனர் என்று உயிர் தப்பியோர் பலர் கூறியுள்ளனர். தோம்பெழுதிய ஒல்லாந்தரின் தாயகமும் இதே பாடத்தைக் கற்றது. இரண்டாம் உலக யுத்தத்தில் நாசிகள் அந்நாட்டைக் கைப்பற்றியபோது, ஒழுங்காகவும் நேர்த்தியாகவும் எழுதி வைக்கப்பட்டிருந்த குடிசனப் பதிவேடு யூத மக்களைத் தேடிப் பிடிக்க உதவிற்று. 1943 மார்ச்சு 27 ஆம் நாள் இரவு, எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்த சிலர் பொலிஸார் வேடத்தில் அம்ஸ்ரடாம் பதிவகத்தினுட் புகுந்து அதற்குத் தீயிட்டனர். பதிவு அட்டைகளில் ஒரு பகுதியே அழிந்தது. அவர்களுட் பலர் பிடிபட்டுக் கொல்லப்பட்டனர். தம் சொந்த நாட்டின் பதிவேட்டை எரிப்பதற்காக மனிதர் உயிர் கொடுத்த வரலாறு இது.

எரிப்பதற்கு உயிர் கொடுத்தவர்கள் ஒருபுறம். எழுதுவதற்கு உயிரைப் பணயம் வைத்தவர்கள் மறுபுறம். 1990 செப்டெம்பர் 5 ஆம் நாள் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தோருள் 158 பேர் கொண்டு செல்லப்பட்டனர். முகாமின் பொறுப்பில் இருந்தவர்கள் அவர்களுடைய பெயர்களைப் பட்டியலாக எழுதி வைத்தனர். அந்நாளில் அத்தகைய தாளை வைத்திருப்பதே ஆபத்து. அத்தாள் இருந்தமையால்தான் 158 என்ற எண் இன்றும் நிற்கிறது. விசாரணைக் குழுக்களின் முன் பெற்றோர் சென்று பேச முடிந்தது. அதிகாரம் உள்ளவன் எழுதும் இடாப்பு ஒன்று, அதிகாரமற்றவன் எழுதும் இடாப்பு மற்றொன்று. இரண்டிலும் இருப்பவை அதே பெயர்கள்.

கணினியும் மென்பொருளும் இக்கரையின் வரலாற்றிற் புகுந்தது ஒரு பேரழிவின் வழியாக. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் காலை கடல் பெருகி வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். மட்டக்களப்பில் நாவலடி, கல்லடி, காத்தான்குடிக் கரைகள் சிதைந்தன. வீட்டோடு பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் அடையாள அட்டையும் போயின. உயிரோடிருந்தவர் தாம் உயிரோடிருப்பதை நிரூபிக்கத் தாள் இல்லை. இறந்தவர் இறந்தார் என்பதற்கு உடல் இல்லை. உடல் கிடைக்காதோரின் மரணத்தைப் பதிவு செய்வதற்கும் 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்ற நேர்ந்தது.

அவ்வேளையில் கொழும்பிலிருந்த கணினித் துறை இளைஞர்கள் சிலர் ஊதியமின்றி ஒன்றுகூடிச் சில நாட்களுக்குள் ஒரு மென்பொருளை உருவாக்கினர். அதற்குச் சிங்கள மொழியில் நிவாரணம் எனப் பொருள்படும் சஹானா என்ற பெயரை வைத்தனர். காணாமற்போனோர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த உதவி நிறுவனம் எங்கே வேலை செய்கிறது என்பனவற்றை அது ஒருங்கே வைத்துக் காட்டும். அதன் நிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் எடுத்துப் பயன்படுத்தவும் தக்கவாறு திறந்து விடப்பட்டது. 2005 இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியின்போதும், 2006 இல் பிலிப்பைன்சு மண்சரிவின்போதும் அதே மென்பொருள் துணை செய்தது. இலங்கையிற் பிறந்த ஒரு கருவி பிறநாட்டார் துயர் துடைக்கச் சென்றது பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை என்பது என் எண்ணம்.

இங்கேதான் நுட்பமான ஒரு பிரச்சினை எழுந்தது. காணாமற்போனவரைத் தேட வேண்டுமானால், பட்டியலைப் பலரும் பார்க்க வேண்டும். அப்பட்டியலிலேயே தாய் தந்தையரை இழந்து தனியே நிற்கும் பிள்ளைகளின் பெயரும் வயதும் தங்கியிருக்கும் முகாமும் உள்ளன. அதனை எல்லாரும் பார்த்தால் என்ன ஆகும்? பிள்ளைகளைக் களவாகக் கொண்டு செல்வோர் பற்றிய அச்சத்தால், கடற்கோளில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளைத் தத்தெடுப்பதையே அரசு அப்போது தடைசெய்திருந்தது. மென்பொருளின் நிரல் திறந்திருக்க வேண்டும். அதனுள் இருக்கும் பெயர்கள் காக்கப்பட வேண்டும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதே முழு வாதத்தின் உயிர்நிலை என்று நான் நினைக்கிறேன். பழைய குடி முறையில் விதியும் வெளிப்படை, பெயரும் வெளிப்படை. சோதனைச் சாவடியில் இரண்டும் மறைவு. அங்கே நம் பெயர் மட்டும் நமக்கு எதிரே திறந்து கிடந்தது. எந்த விதிப்படி நம் பெயர் கையாளப்படுகிறது என்பதை எல்லாரும் அறியவும், அப்பெயரை வேண்டியவர் மட்டுமே அறியவும் ஆன ஓர் ஏற்பாட்டை இவ்வாவிக்கரை இதுவரை கண்டதில்லை.

கல்முனையில் நிகழ்ந்ததொன்று இதனை விளக்கும். கடல் அடித்து ஒதுக்கிய கைக்குழந்தை ஒன்றை அங்குள்ள ஆஸ்பத்திரியில் சேர்த்தனர். அன்று சேர்க்கப்பட்டவர்களில் 81 ஆவது என்பதால் அதற்கு 81 ஆம் இலக்கக் குழந்தை என்று பெயராயிற்று. பல தாய்மார் அதனைத் தம் குழந்தையென்று உரிமை கோரினர் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. உரிமை கோரிய பெற்றோரின் மரபணுவைச் சோதிக்க நீதிமன்றம் கட்டளையிட்டது. 2005 பெப்ரவரியில் உண்மைப் பெற்றோர் யாரென்பது உறுதியாகிக் குழந்தை அவர்களிடம் சேர்ந்தது. விஞ்ஞானம் ஒரு குடும்பத்தை ஒன்று சேர்த்த நல்ல கதை. ஆயினும் பேசவறியாத அக்குழந்தையின் முகமும் இலக்கமும் பெற்றோர் பெயரும் அதனைக் கேளாமலே உலகச் செய்தித்தாள்களில் ஏறிவிட்டன. ஏறியவை இறங்குவதில்லை. பனையேட்டுச் சுவடியைப் பிரதி செய்ய எழுத்தாணியும் பொறுமையும் நாட்களும் வேண்டும். தோம்பைக் காண வேண்டுமானால் கந்தோருக்கு நடந்து போக வேண்டும். அந்தச் சிரமமே முன்னாளில் நமக்கொரு வேலியாயிருந்தது. கணினியில் ஏறிய பெயருக்கு அவ்வேலி இல்லை. அக்குழந்தை இன்று வளர்ந்த இளைஞன். அவன் பெயரை நான் சொல்லப்போவதில்லை.

சட்டங்களைப் பொறுத்தவரை இந்தியாவில் நடந்ததை நாம் கவனித்தல் தகும். அங்கே கைரேகையும் கண்மணியும் பதிந்து ஒவ்வொருவருக்கும் 12 இலக்க ஆதார் எண் வழங்கும் திட்டம் 2010 முதல் நடைமுறைக்கு வந்தது. எண்பது வயதைக் கடந்திருந்த ஓய்வுபெற்ற நீதியரசர் கே. எஸ். புட்டசாமி அதனை எதிர்த்து 2012 இல் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 2017 ஓகஸ்ட் 24 ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஒருமுகமாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்த்தனர். இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு அந்தரங்கத்தைத் தனியோர் அடிப்படை உரிமையாகக் கூறவில்லை. 2015 இல் தகவல் பெறும் உரிமையைச் சேர்த்தபோது, அவ்வுரிமைக்கு வரம்பிடும் காரணங்களுள் ஒன்றாகவே அந்தரங்கம் என்ற சொல் இடம்பெற்றது. வாசல் வழியாக வராமல் வேலியோரமாக வந்த விருந்தாளி போல!

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஓரளவுக்குக் குறை தீர்ப்பது. எதற்காகப் பெற்றார்களோ அதற்கே தகவலைப் பயன்படுத்த வேண்டும், தன்னைப்பற்றி எழுதியிருப்பதைக் காணவும் பிழை திருத்தவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்று அது கூறுகிறது. தோம்பின் காலத்திலிருந்து காத்திருந்த உரிமை அது. ஆனால் அச்சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்தது பிற்போடப்பட்டது. அதே 2022 இல்தான், கைரேகை முதலிய உடலடையாளங்களைக் கொண்ட புதிய எண்முறை ஆளடையாளத் திட்டத்துக்கு இந்தியாவின் நன்கொடை ஒப்பந்தமாயிற்று. இடாப்பும் காவலும் ஒருங்கே புறப்பட்டன, காவல் பின்தங்கிவிட்டது.

காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. மட்டக்களப்பிலும் அதற்கோர் பிராந்திய அலுவலகம் உண்டு. நம்பிக்கையின்பேரில் அங்கே கொடுக்கப்பட்ட தகவலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டுப் பெற முடியாது என்று அச்சட்டம் விதிக்கிறது. சாட்சி சொல்வோரின் உயிர்ப் பாதுகாப்புக்கு அவ்விதி அவசியம் என்பர் சிலர். உண்மையை மூடிவைக்க அது வழியாகலாம் என்பர் சிலர். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. படுவான்கரையிலிருந்து முன்னர் தோணியிலும் இப்போது பாலத்திலும் வந்து படிவம் நிரப்பும் தாயொருத்தியை எண்ணிப் பாருங்கள். தான் இங்கே வந்தது அயலவருக்கும் தெரியாதிருக்க வேண்டும் என்று அவள் கேட்கிறாள். தன் மகனுடைய பெயரை எல்லாரும் கேட்க உரக்க வாசிக்க வேண்டும் என்றும் அதே மூச்சிற் கேட்கிறாள்.